ஃபியூஸ் கட்டை என் கையில் இருந்தது

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் "எனக்கு வேலை இருக்கு" என்று எழுந்து போய்விடுகிற ரகம் நான். என் வீட்டுக்காரர் புது பைக் வாங்கி முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டபோது, அன்று சாயங்காலமே பழத்தைப் பிழிந்து ஜூஸ் போட்டுக் குடித்தேன், மிளகாயை ரசத்தில் கிள்ளிப் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை, பைக் இன்னும் ஓடுகிறது. "இவளப் பாத்தா பேயே புளிய மரத்தக் காலி பண்ணிகினு பூடும்" என்பார் என் மாமியார். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அப்படிப்பட்டவள் சொல்கிறேன் என்பதற்காகவாவது முழுசாகக் கேளுங்கள். நடுவில் சிரிப்பீர்கள், தெரியும், சிரித்துக்கொள்ளுங்கள். நடந்தது ராத்திரியில் இல்லை, சுடுகாட்டுப் பக்கமும் இல்லை. பட்டப்பகல், உச்சி வெயில், ஒரகடம் போகிற ரோட்டோரம், பக்கத்தில் ஒரு கிரேன் வேறு நின்றுகொண்டிருந்தது.

என் பெயர் சாந்தி. ஏரிக்கரை வானொலியில் பேசுகிறவள். சேரப்பணஞ்சேரி பக்கம் வந்திருந்தால் ரோட்டோரத்தில் நீல ஷீட் போட்ட ஒரு கட்டடமும் அதன் பக்கத்தில் ஒல்லியாக ஒரு டவரும் பார்த்திருப்பீர்கள், அதுதான் எங்கள் ஸ்டேஷன். பெரிய எஃப்எம் எல்லாம் இல்லை, சமுதாய வானொலி. மண்ணூர் பக்கம் போனால் கரகரக்கும், மறைமலை நகர் போனால் காணாமலே போய்விடும். ஆனால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் லேடீஸ் ஹாஸ்டல், டீக்கடை, ஷேர் ஆட்டோ, கம்பெனி பஸ் எங்கே பார்த்தாலும் எங்கள் சத்தம்தான்.

இந்த ரேடியோ யாருடையது என்பதில்தான் எல்லா வில்லங்கமும். இந்த மாதிரி ரேடியோவை நேராக விற்க முடியாது, லைசென்ஸ் ஓர் அறக்கட்டளை பேரில் இருக்கும். அறக்கட்டளையில் எவர் உட்கார்ந்திருக்கிறாரோ அவர்தான் முதலாளி. வீட்டை விற்காமலே உள்ளே இருக்கிற ஆளை மட்டும் மாற்றுகிற மாதிரி. எங்கள் ரேடியோ அப்படி மூன்று கை மாறியது.

முதல் கை இருதயராஜ் ஐயா. தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்தபோது அவர் நிலமும் போனது. மற்றவர்கள் வந்த பணத்தில் மாடி வீடு கட்டினார்கள், கார் வாங்கினார்கள். இவர் ரோட்டோரம் மிஞ்சிய துண்டு நிலத்தை அறக்கட்டளைக்கு எழுதிவைத்து, பெண்களுக்குத் தையல் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். அப்புறம் யார் மண்டையில் ஏற்றிவிட்டார்களோ, அதே அறக்கட்டளை பேரில் லைசென்ஸ் வாங்கி ரேடியோ வைத்துவிட்டார். ஊரே கைகொட்டிச் சிரித்தது. "பெருசுக்கு மரை கழண்டு பூட்ச்சி" என்றார்கள்.

சிரித்தவர்களே அப்புறம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள், ஏனென்றால் அவர் சினிமாப் பாட்டு போடவில்லை, பஸ் சொன்னார். ஷிப்ட் மாறுகிற நேரத்துக்கு எந்தக் கம்பெனி வண்டி எந்தத் திருப்பத்தில் நிற்கிறது, எது பஞ்சர், எந்த ரோட்டில் லாரி கவிழ்ந்து அடைத்துக்கொண்டிருக்கிறது, எல்லாம் டிரைவர்களே போன் போட்டுச் சொல்ல, இவர் மைக்கில் சொல்வார். விரலில் இருந்த மோதிரத்தால் மைக்கை டொக் டொக் என்று தட்டிவிட்டு, "கண்ணுங்களா, தாத்தா வந்துட்டேன், உங்க வண்டி வந்துச்சா?" என்பார். அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் ஹாஸ்டல் பெண்கள் செருப்பு மாட்டுவார்கள். ஒரு பெரிய மழையில் ஏரித் தண்ணீர் ரோட்டில் ஏறியபோது, "யாரும் கம்பெனிய உட்டு வெளிய வராதீங்க கண்ணுங்களா, நான் சொல்ற வரிக்கும் வராதீங்க" என்று தொண்டை கட்டுகிற வரைக்கும் கத்திக்கொண்டே இருந்தார். வராதவர்கள் எல்லாரும் பத்திரமாக இருந்தார்கள்.

நான் அப்போது வயரிங் கம்பெனியில் அசெம்பிளி லைனில் இருந்தேன். லைனில் வாயைத் திறந்தால் சூப்பர்வைசர் கத்துவார். ஒருநாள் ஏதோ வாழ்த்து சொல்லப் போன் போட்டேன், நான் விடாமல் பேசியதைக் கேட்டு ஐயா "நீ நேர்ல வாம்மா வாயாடி" என்றார். போனேன், அப்படியே ஒட்டிக்கொண்டேன். அங்கே பேசினால் திட்டு, இங்கே பேசுவதுதான் வேலை. சொர்க்கம் என்றால் இதுதான் என்று நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். திட்டு மட்டும் இங்கேயும் உண்டு. "ஏய் சாந்தி, மைக்குகிட்ட மூச்சு உடாத, லாரி ஏர் பிரேக் புடிக்கிற மாதிரி கீது" என்று ஆன் ஏரிலேயே என் மானத்தை வாங்குவார். ஹாஸ்டல் ஹாஸ்டலாகச் சிரிப்பார்கள்.

அவர் வைத்த வழக்கம் ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஆயுத பூஜை அன்று எங்கள் ரேடியோ பேசாது. ஐயா சர்ச்சுக்குப் போகிறவர், ஆனாலும் இந்தப் பக்கத்தில் ஆயுத பூஜை என்றால் எந்த மதமானாலும் மெஷினுக்குப் பொட்டு வைக்காமல் விடுவார்களா? "வருசம் பூரா கத்துது, அதுக்கு ஒருநாள் லீவு வேணாமா?" என்பார். சும்மா ஸ்விட்சை அணைத்தால் எவனாவது போட்டுவிடுவான் என்று, கரண்ட் போர்டிலிருந்து பீங்கான் ஃபியூஸ் கட்டையையே உருவிவிடுவார். அதைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழை இலையில் பொரி கடலைக்குப் பக்கத்தில் வைப்போம். மறுநாள் காலையில்தான் திரும்பச் சொருகுவோம். ஃபியூஸ் இலையில் இருந்தால் ரேடியோ தூங்குகிறது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஐயா படுத்த படுக்கையாகாமல், யாருக்கும் தொந்தரவு தராமல், ஒரு தவக்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மகன் வெளிநாட்டில். அப்பா அடக்கம் முடிந்த கையோடு அறக்கட்டளையை ஓர் இன்ஜினியரிங் காலேஜ் தாளாளரிடம் ஒப்படைத்துவிட்டு பிளேன் ஏறினார். அது இரண்டாவது கை.

தாளாளர் காலத்தில் பஸ் போனது, அட்மிஷன் வந்தது. காலையில் அட்மிஷன், மத்தியானம் அட்மிஷன், சாயங்காலம் "நூறு சதவீத வேலைவாய்ப்பு". ஊரில் எங்களுக்கு அட்மிஷன் எஃப்எம் என்றே பேர் வைத்துவிட்டார்கள். பழைய கம்ப்யூட்டரையும் எடுத்துப்போய் அதில் இருந்த ஐயாவின் பதிவுகளை அழித்துவிட்டு ஆபீஸ் கணக்குக்கு வைத்துக்கொண்டார்கள். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஐயாவின் குரல் ஒரு துணுக்குகூட எங்களிடம் இல்லை. நானும் எங்கள் டெக்னீஷியன் மோகன் அண்ணனும் தேடாத இடமில்லை. நான் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

இத்தனை விளம்பரம் செய்தும் காலேஜுக்குப் பிள்ளைகள் வரவில்லை. தாளாளர் காலேஜைத் தலை முழுகினார். அதோடு சேர்ந்து எங்கள் அறக்கட்டளையும் மூன்றாவது கைக்குப் போனது. அவர் தனசேகர், லேஅவுட் போட்டு மனை விற்கிறவர். அறக்கட்டளையில் தன் ஆட்களை உட்கார வைத்தார். வெள்ளைக் காரில் வருவார், ராகு காலம் என்றால் ஏசியைப் போட்டுக்கொண்டு காருக்குள்ளேயே காத்திருந்து, முடிந்த பிறகுதான் காலைத் தரையில் வைப்பார். என்னைப் பார்த்தால் எரிச்சல், ஏனென்றால் நான் ராகு காலத்தில்தான் அவர் கார்க் கண்ணாடியைத் தட்டிச் சம்பளம் கேட்பேன். பஸ் நிகழ்ச்சியைத் திரும்ப ஆரம்பிக்கிறோம் என்றபோது சரி என்று தலையை ஆட்டிவிட்டார். ரேடியோவில் என்ன ஓடினாலும் அவருக்கு ஒன்றுதான், அவர் கண் ரோட்டோர நிலத்தின் மேல். அதில் மனை போட வேண்டுமென்றால் ரேடியோ இருக்கக் கூடாது, டவர் இருக்கக் கூடாது.

எங்களுக்கோ பஸ் நிகழ்ச்சி திரும்ப வந்த அந்த ஒரு வருஷத்தில் பழைய கூட்டம் திரும்பியிருந்தது. ஐயாவைப் பார்த்தே இராத புதுப் பெண்கள், சங்கரன்கோவில், விளாத்திகுளம் பக்கமிருந்து வந்து ஹாஸ்டலில் இருப்பவர்கள், "அக்கா, வண்டி வந்துட்டா?" என்று எனக்குப் போன் போடுவார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இந்த ஊரில் பேர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரே குரல் எங்களுடையது. எனக்கும் அது போனால் மறுபடி வாயை மூடிக்கொண்டு எங்கேயாவது லைனில் நிற்க வேண்டியதுதான்.

அந்த வருஷம் ஆயுத பூஜை. வழக்கம்போல காலையில் கழுவித் துடைத்து, டிரான்ஸ்மிட்டருக்கு மாலை போட்டு, மோகன் அண்ணன் ஃபியூஸைப் பிடுங்கிக் கழுவிக் கொடுத்தார், நான் சந்தனம் வைத்து இலையில் வைத்தேன். வாசல் கூடத்தில்தான் பூஜை. ஒரு சின்னப் பை பொரி, கொஞ்சம் கடலை, நாட்டுச்சர்க்கரை. இருப்பதே நாங்கள் இரண்டு பேர், அதற்கு மேல் யார் சாப்பிடப் போகிறார்கள்?

வெயில் உச்சிக்கு வந்த நேரம், ரோட்டிலிருந்து ஒரு கிரேன் திரும்பி எங்கள் கேட்டுக்குள் வந்தது. இரண்டு பக்கமும் வாழைக்கன்று, நெற்றியில் சந்தனம், கழுத்தில் சாமந்தி மாலை. மாப்பிள்ளை அழைப்பு போலத்தான் இருந்தது. பின்னாலேயே வெள்ளைக் கார்.

தனசேகர் இறங்கினார். கூட வந்த ஆள் நேராக உள்ளே போய் டிரான்ஸ்மிட்டர் ரூமை இழுத்துப் பூட்டிச் சாவியை அவரிடம் கொடுத்தான்.

"இன்னா சார் இது?" என்றேன்.

"டவர எறக்கப் போறோம்மா. ரேடியோவ மூடறதா போர்டுல முடிவு பண்ணியாச்சு."

"இன்னிக்கா? நல்ல நாள்ல?"

"இன்னிக்குதாம்மா சரி. எப்பிடியும் இன்னிக்கு உங்க ரேடியோ பேசாது. யாரும் இன்னா ஆச்சின்னு கேக்க மாட்டாங்க. நாளிக்குப் பேசலன்னா ரிப்பேருன்னு நெனச்சிப்பாங்க. பத்து நாள் போனா மறந்துடுவாங்க."

என்ன மூளை பாருங்கள். ஐயா பாசத்தோடு கொடுத்த லீவையே அந்த மனுஷன் எங்களுக்குக் குழி வெட்டப் பயன்படுத்திக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வழக்கமாவது மண்ணாங்கட்டியாவது என்று இலையில் இருந்த ஃபியூஸ் கட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன், ஒரு நிமிஷம் ஆன் ஏரில் போய் ஊரைக் கூப்பிட்டால் போதும் என்று. போர்டு இருப்பதும் அந்தப் பூட்டின ரூமுக்குள்தான். கதவை உதைத்தேன், இரும்புக் கதவு, என் கால்தான் வலித்தது. மோகன் அண்ணன் போனில் யார் யாருக்கோ அடித்துக்கொண்டிருந்தார், பண்டிகை நாளில் எவன் எடுப்பான்?

நான் வந்து டவரின் அடியில், அதன் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். "எறக்கு, என்னியும் சேத்து எறக்கு" என்றேன். வாய்தான் அப்படிப் பேசியது, உள்ளே எல்லாம் விட்டுப்போயிருந்தது. வலது கையில் ஃபியூஸ் கட்டை, சந்தனம் வியர்வையில் கரைந்து உள்ளங்கையெல்லாம் மஞ்சள். அது என் கையில்தான் இருந்தது. நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், அது கடைசி வரைக்கும் என் கையில்தான் இருந்தது.

அப்போது ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. கலர்க் காகிதம் ஒட்டின ஆட்டோ, உள்ளே அடைத்துக்கொண்டு ஹாஸ்டல் பெண்கள். இறங்கின முதல் பெண் முத்துச்செல்வி, சங்கரன்கோவில்காரி, அடிக்கடி போன் போடுகிறவள். கையில் ஒரு சில்வர் தட்டு.

"அக்கா, பொரி எங்கக்கா?"

எனக்குப் புரியவில்லை. "இன்னா பொரி?"

"பொரி தாறோம், எல்லாரும் தட்டு எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்கு வாங்கன்னு ரேடியோல சொன்னாகல்லா? அதான் வந்துட்டோம்."

"யார்றி சொன்னது?"

"தாத்தாதான். புதுசா வந்துருக்காகளே, வயசானவக. மைக்க டொக்கு டொக்குன்னு தட்டிட்டு, கண்ணுங்களா, தாத்தா வந்துட்டேன்னு..."

மோகன் அண்ணன் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுக் கிட்டே வந்தார். முத்துச்செல்வி இந்த ஊருக்கு வந்தே கொஞ்ச நாள்தான். ஐயா போய் வருஷங்கள் ஆகிவிட்டன. மோதிரத்தால் தட்டுகிற விஷயத்தை நான் ஆன் ஏரில் ஒருநாளும் சொன்னதில்லை.

"எப்படி கேட்டீங்க? ரேடியோ ஆஃப்ல கீதே!" என்றேன்.

"இப்பமும் பேசிக்கிட்டுதான இருக்காக" என்று அவள் தன் காதிலிருந்த இயர்போனில் ஒன்றைக் கழற்றி என் காதில் வைத்தாள். ஒரே வயர், ஒன்று அவள் காதில், ஒன்று என் காதில். எனக்கு இரைச்சல் மட்டும்தான் கேட்டது, ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வருமே, அந்த உஸ்ஸ்ஸ். மோகன் அண்ணனும் வாங்கி வைத்துப் பார்த்தார், அவருக்கும் அதேதான். அவளோ கேட்டுக்கொண்டே இருந்தாள், தலையை ஆட்டினாள், திடீரென்று களுக்கென்று சிரித்து என்னைப் பார்த்தாள்.

"ஒங்களத்தாங்க்கா ஏசுதாக!"

"இன்னா சொல்றாரு? சொல்லுடி!"

அவள் வாயைத் திறப்பதற்குள் இரண்டாவது ஆட்டோ வந்தது, மூன்றாவது வந்தது, ஒரு கம்பெனி வேன் வந்தது, பைக்குகள் வந்தன. நான் நம்பாவிட்டால் என்ன, நீங்கள் நம்பாவிட்டால் என்ன, ஜனம் வந்துகொண்டே இருந்தது. தட்டோடு, டிபன் பாக்ஸோடு, கேரி பேக்கோடு. ஊருக்குப் போக லீவு கிடைக்காத பெண்கள், பண்டிகையைத் தனியாகக் கழித்துக்கொண்டிருந்தவர்கள், புதுச் சுடிதார் போட்டுப் பூ வைத்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள். டீக்கடைக்காரர் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்தார். "பெருசு குரலு கேட்டுது, கை கால் ஓடலம்மா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பழைய டிரைவர்கள் வந்தார்கள். டவரைச் சுற்றி, கிரேனைச் சுற்றி, கேட்டுக்கு வெளியே ரோடு வரைக்கும் ஆட்கள்.

விஷயம் தெரிந்ததும் பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கோஷம் போடவில்லை, சண்டை போடவில்லை. என்னைச் சுற்றிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். "பொரி வர்ற வரைக்கும் எந்திரிக்க மாட்டோம்" என்றாள் முத்துச்செல்வி. பண்டிகைக்கு வந்தவர்களை யார் என்ன சொல்ல முடியும்?

தனசேகர் கிரேன் டிரைவரைப் பார்த்து, "சீக்கிரம் கொக்கிய மாட்டுப்பா, அவங்கள நவுரச் சொல்றேன்" என்றார்.

கிரேன் டிரைவர் கீழே இறங்கிவிட்டார். "சார், வண்டிக்குப் பொட்டு வெச்சி மாலை போட்டுகிறேன். ஒரு சின்ன வேலன்னுதான் ஒத்துகினு வந்தேன். பூஜை அன்னிக்கு இத்தினி பொம்பளப் புள்ளைங்க வயித்தெரிச்சலக் கொட்டிகினு கொக்கிய எறக்கினா, அப்பறம் வருசம் பூரா இந்த வண்டி எங்க தூக்கும்? என்னால ஆவாது சார்."

தனசேகருக்கு முகம் செத்துவிட்டது. அதற்கு மேல் ஒன்று நடந்தது. அவர் கார் டிரைவர், அதுவரைக்கும் காருக்குள் உட்கார்ந்திருந்தவர், மெல்ல வந்து முதலாளி காதோரம் சொன்னார், பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு நன்றாகக் கேட்டது.

"சார்... கார் ரேடியோல அந்தப் பெரியவரு, வெள்ளக் கார்ல வந்தவரும் பொரி சாப்டாமப் போவக்கூடாதுன்னு சொல்றாரு சார்."

ராகு காலத்தில் காரை விட்டு இறங்காத மனுஷன் அவர். சட்டையெல்லாம் நனைந்து நின்றார். நான் எழுந்து போய், இருந்த சின்னப் பையிலிருந்து ஒரு கை பொரியை அள்ளிக் காகிதத்தில் வைத்து அவரிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டார். சாப்பிடவும் இல்லை, கீழே போடவும் தைரியம் இல்லை, அப்படியே கையில் வைத்துக்கொண்டு காரில் ஏறினார். ஏறுமுன் ரூம் சாவியை மோகன் அண்ணனிடம் கொடுத்தார், கேட்காமலே.

கிரேன் ரிவர்ஸ் எடுத்துப் போனபோது எழுந்த கூச்சல் இருக்கிறதே, ஒரகடம் கூட்ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். யாரோ பூசணிக்காய் கொண்டுவந்து கேட்டில் உடைத்தார்கள். டீக்கடைக்காரர் சேரப்பணஞ்சேரி, படப்பை என்று அலைந்து எங்கே பொரி மூட்டை கிடைத்ததோ எல்லாவற்றையும் ஆட்டோவில் அள்ளிக்கொண்டு வந்தார். டவரைச் சுற்றி உட்கார்ந்து ஊரே சாப்பிட்டது. நான் என் கல்யாணத்தன்றுகூட அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை, என் வீட்டுக்காரர் இதைப் படித்தாலும் பரவாயில்லை.

தனசேகர் அப்புறம் வரவே இல்லை. பயம் மட்டும் காரணமில்லை, அவர் வியாபாரி. அன்று சாயங்காலத்துக்குள் ஶ்ரீபெரும்புதூர் வரைக்கும் சேதி பரவிவிட்டது, செத்துப்போன பெரியவர் கூப்பிட்டுப் பொரி கொடுக்கிற இடம் என்று. அந்த நிலத்தில் மனை போட்டால் எவன் வாங்குவான்? கொஞ்ச நாளில் அவரும் அவர் ஆட்களும் அறக்கட்டளையிலிருந்து தாங்களாகவே விலகிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள், திருஷ்டி சுற்றிப் போடுகிற மாதிரி. அந்த இடங்களில் இப்போது யார் தெரியுமா? டீக்கடைக்காரர், ஒரு பஸ் டிரைவர், மோகன் அண்ணன், நான், ஹாஸ்டல் சார்பில் முத்துச்செல்வி. எங்கள் ரேடியோவுக்கு நாலாவது கை. கேட்கிறவர்களே முதலாளி. முதல் கூட்டத்தில் முத்துச்செல்வி நாற்காலியில் உட்கார வெட்கப்பட்டு நின்றுகொண்டே இருந்தாள், நான்தான் பிடித்து அழுத்தி உட்கார வைத்தேன்.

பூஜைக்கு மறுநாள், விஜயதசமி காலையில் சந்தனப் பொட்டோடு ஃபியூஸைச் சொருகினோம். மைக்கைத் தட்டினேன். "உங்க வண்டி வந்துச்சா?" என்று கேட்டேன். அதற்கு மேல் ஏர் பிரேக் மாதிரி மூச்சுதான் விட்டேன்.

சரி, நீங்கள் கேட்கப்போவது தெரியும். வேறு எவனாவது அதே அலைவரிசையில் பேசியிருப்பான் என்பீர்கள். மோகன் அண்ணன் விசாரிக்காத இடமில்லை. எவனும் இல்லை, இருந்தாலும் அந்த மோதிரச் சத்தம் அவனுக்கு எப்படித் தெரியும்? யாரோ பழைய பதிவைப் போட்டார்கள் என்றால், பழைய பதிவில் வெள்ளைக் கார் எப்படி வரும்? கூட்டமாகச் சேர்ந்து கற்பனை செய்தார்கள் என்றால், ஷேர் ஆட்டோ டிரைவரும் டீக்கடைக்காரரும் ஹாஸ்டல் பெண்ணும் தனித்தனி இடத்தில் இருந்துகொண்டு ஒரே கற்பனையா செய்வார்கள்? எனக்குப் பேய் நம்பிக்கை இன்றைக்கும் கிடையாது. எலுமிச்சம்பழம் கிடைத்தால் இன்றைக்கும் ஜூஸ்தான். ஆனால் ஊரெல்லாம் கேட்ட குரல், அதற்காக ஏங்கிக்கொண்டிருந்த எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் ஏன் கேட்கவில்லை என்று நினைத்தால் கோபம்தான் வருகிறது. செத்த மனுஷன் மேல் கோபப்படுகிறேன், பாருங்கள் என் புத்தியை.

கடைசியாக ஒன்று. அன்று ஹாஸ்டலில் ஒரு பெண், தாத்தா பேசுவது தமாஷாக இருக்கிறது என்று போனில் பதிவு செய்திருக்கிறாள். பிறகு முத்துச்செல்வி அதை வாங்கி எனக்கு அனுப்பினாள். ஆசையாகப் போட்டேன். ஐயா குரல் இல்லை. ரேடியோ இரைச்சல் மட்டும். ஆனால் நடுநடுவே பெண்கள் சிரிக்கிறார்கள். இரைச்சல், சிரிப்பு, மறுபடி இரைச்சல். யாரோ பேசுகிற இடத்தில் அமைதியாகக் கேட்கிறார்கள், முடித்த இடத்தில் சிரிக்கிறார்கள். ஒருத்தி, "ஏ, யாருட்டி அந்தச் சாந்தி?" என்கிறாள். இன்னொருத்தி, "நம்ம ரேடியோ அக்காடி, சும்மா கேளு" என்கிறாள். அப்புறம் ஒரு நீளமான இரைச்சல். அந்த நேரம் பூராவும் ஒருத்திகூட மூச்சு விடவில்லை. கடைசியில் அத்தனை பெண்களும் ஒரே குரலாகச் சொல்கிறார்கள்.

"சரி தாத்தா, நாங்க பாத்துக்கிடுதோம்."

அதோடு பதிவு முடிகிறது. எதைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னீர்கள், ரேடியோவையா, என்னையா என்று ஒவ்வொருத்தியிடமும் கேட்டுவிட்டேன். பொரிக்குக் கூப்பிட்டதும் வெள்ளைக் காரும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது, அந்த இடம் மட்டும் ஒருத்திக்கும் ஞாபகமில்லை. முத்துச்செல்வியைப் போன வாரம்கூடக் கேட்டேன்.

"தெரியலக்கா" என்றாள். "ஆனா சரின்னு சொல்லிட்டோம்லா."